தலைமடைக் கட்டில்

1

வயிற்றைக் கிழித்துத் தைத்து ஒரு நாள்கூட ஆகாத ஒருவரிடம் போய் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? அயர்லாந்தின் மேற்குக் கரையில், நான் வேலை பார்க்கும் ஊரில், "கிராண்ட்" என்று வரும். நம் பக்கம் கிராண்ட் என்றால் கல்யாண மண்டபம், சீரியல் லைட்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் ஐஸ்கிரீம். இங்கே அதற்கு "எனக்கு ஒன்றுமில்லை, நீ உன் வேலையைப் பார்" என்று அர்த்தம். வந்த புதிதில் இது தெரியாமல், கிராண்ட் என்று சொன்னவர்களுக்கெல்லாம் வலி பூஜ்யம் என்று சார்ட்டில் எழுதிவைத்தேன். மூன்றாம் நாள் எங்கள் பிரிவின் மூத்த நர்ஸ் மேரி அந்தச் சார்ட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வார்டில் யாருக்குமே வலி இல்லையாமே, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?" என்று கேட்டார். சிரித்து முடித்த பிறகு சொன்னார். "வாய் சொல்வதை மட்டும் எழுதாதே. இருமச் சொல்லிப் பார். அப்போது முகம் என்ன சொல்கிறதோ அதையும் எழுது."

ஏழு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆபரேஷன் முடிந்தவர்களின் வலியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு தனிப் பிரிவு உண்டு. ஒரு மயக்க மருந்து டாக்டர், இரண்டு நர்ஸ்கள். ஊரில் இதைச் சொன்னால் "வலிக்கு ஊசி போட மூணு பேரா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வலி என்பது வெறும் வேதனை அல்ல. வயிற்றில் தையல் உள்ளவர் வலிக்குப் பயந்து மூச்சை மேலோட்டமாக விடுவார். இருமலை விழுங்கிக்கொள்வார். சளி அடியில் தங்கும், நுரையீரலில் கிருமி பிடிக்கும். ஆபரேஷனில் பிழைத்தவர் நாலாம் நாள் காய்ச்சலில் போய்ச் சேருவதும் உண்டு. நாங்கள் வலியைக் குறைப்பதே அவர் இருமுவதற்காகத்தான்.

அதற்கு எங்களிடம் உள்ள நல்ல கருவி ஒரு சின்ன பம்ப். உள்ளே பூட்டிவைத்த சிரிஞ்சில் மார்ஃபின் இருக்கும். நோயாளியின் கையில் ஒரு பொத்தான். வலித்தால் அவரே அமுக்கிக்கொள்ளலாம், அளவாகக் கொஞ்சம் மருந்து உள்ளே போகும். விடாமல் அமுக்கினாலும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அது தராது. ஆனால் எத்தனை தடவை அமுக்கினார், எத்தனை மணிக்கு அமுக்கினார் என்பதை ஒன்று விடாமல் குறித்துவைத்துக்கொள்ளும்.

2

இத்தனை வசதி இருந்தும் அமுக்கமாட்டேன் என்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்மீது எனக்கு ஒரு தனி ஆர்வம். ஏன் அமுக்கவில்லை என்று கேட்டு, சொன்ன காரணத்தை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். பெயர் எழுதமாட்டேன், காரணம் மட்டும்.

நேற்று ஒரு ஆட்டுப் பண்ணைக்காரர். அது நர்ஸைக் கூப்பிடும் மணி என்று நினைத்திருக்கிறார். "நீங்கள் எல்லாரும் ஓடிக்கொண்டே இருக்கிறீர்கள், உங்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்" என்றார். முன்பு ஒரு கட்டிட வேலைக்காரர், ஒவ்வொரு அமுக்கலும் தன் பில்லில் ஏறும் என்று பயந்தார். ஒரு கன்னியாஸ்திரி அம்மா, தன் வலியை வேறு யாருக்காகவோ ஜெபத்தில் வைத்திருப்பதாகச் சொன்னார். அவரோடு வாதாட எனக்கு வாய் வரவில்லை. போதைப் பழக்கத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் பொத்தானைத் தொடாமல் கைக்குட்டையால் மூடிவைத்திருந்தார். அவருக்கு மார்ஃபினை மாற்றி, முதுகுத்தண்டு வழியாக மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொடுத்தோம்.

என் மகள் யாழினிக்குப் பதினொரு வயது. அவளுக்கு இந்த நோட்டில் சுவாரசியம் இல்லை. ஆனால் அவளே அதில் ஒரு பக்கம் ஆகத் தகுதியானவள். எனக்குக் "கிராண்ட்" என்று சொல்லப் பழக வருடக்கணக்கில் ஆயிற்று. அவளுக்கு அது கூடவே பிறந்ததுபோல் வருகிறது. முழங்கால் கிழிந்து ரத்தத்தோடு பள்ளியிலிருந்து வந்தாலும் "நான் கிராண்ட்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இங்கே வளர்கிற பிள்ளை, அவள் என்ன செய்வாள்.

அந்த நோட்டிலேயே விசித்திரமான பக்கம் அப்பாவுடையது. இந்தத் தை மாதத்தோடு அது நடந்து ஒரு வருடம் ஆகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

3

திருத்துறைப்பூண்டியிலிருந்து இன்னும் உள்ளே போகவேண்டும் எங்கள் ஊருக்கு. வாய்க்கால் அங்கே முடிந்துவிடும். அதற்கப்புறம் உப்பு மண், அலையாத்திக்காடு, கடல். தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். அப்பா காலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், சொந்தமாயிற்று. அதுவும் கடைமடையில், வாய்க்காலின் வால் நுனியில். தலைமடைக்காரர்கள் தங்கள் வயலுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சம் விட்டால்தான் எங்களுக்குத் தண்ணீர். அப்பா சண்டை போட்டது, கெஞ்சியது, கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தது எல்லாமே அந்தத் தண்ணீருக்காகத்தான். தன் உடம்புக்கு என்று அவர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தடவை கருக்கரிவாள் கையில் இறங்கியபோதுகூட துண்டைச் சுற்றிக்கொண்டு மிச்சக் கதிரையும் அறுத்துவிட்டுத்தான் கரையேறினார்.

நம் ஆட்களிடம் வலிக்குச் சொல் பஞ்சம் கிடையாது. குத்துது, கடுக்குது, இழுக்குது, எரியுது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது என்று விதவிதமாகச் சொல்வார்கள். எங்கள் வேலைக்கு வேண்டிய எண் மட்டும் அவர்களிடம் வராது. அம்மாவிடம் ஒரு முறை, முட்டிவலி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். "பத்துக்கு பத்துன்னா முட்டியே இருக்காதுடி" என்றாள். அப்பாவிடம் கேட்டால் எண்ணும் வராது, சொல்லும் வராது. "பரவாயில்லம்மா" என்பார். அவருடைய கிராண்ட் அது.

4

போன வருடம் அறுவடைக்கு ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது அப்பாவுக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டது. பித்தப்பையில் கல். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துளை போட்டு எடுத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார்கள். உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததால் விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிக்க வேண்டியதாயிற்று. வயிற்றில் இருப்பதிலேயே மூச்சுக்குப் பகையான இடம் அது. ஒவ்வொரு மூச்சுக்கும் இழுக்கும்.

நான் போயிருக்க வேண்டும். போகமுடியவில்லை. இங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. மகளின் பள்ளி, டியூட்டி, குளிர் என்று சாக்குச் சொல்லிச் சொல்லி நானே மூன்று வாரம் தாமதமாக விண்ணப்பித்திருந்தேன். அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி வர விமானத்தில் ஏற்றமாட்டார்கள். தினமும் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பேன். "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது" என்று இருக்கும். ஊரெல்லாம் வலி பார்க்கிறவள் பெற்ற அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கமுடியாமல் கிடந்தேன். என்மீது எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரே ஆறுதல், அந்த ஆஸ்பத்திரியிலும் வலிக்கென்று ஒரு டாக்டர் சுற்றி வருவார் என்பது. டாக்டர் நித்யா. சென்னையில் வளர்ந்தவர், மயக்க மருந்துதான் படிப்பு. நானும் அதே வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் தன் நம்பரைக் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்த அன்று மத்தியானமே பம்ப்பை மாட்டி, பொத்தானை அப்பா கையில் கொடுத்து விளக்கியிருக்கிறார். அப்பாவுக்கு அவர் வந்ததே சந்தேகம். போனில் என்னிடம், "மயக்கம் குடுத்த அம்மா எதுக்கும்மா திரும்பத் திரும்ப வந்து நிக்கிது? மயக்கம் இன்னும் தெளியலன்னு நெனக்கிதா?" என்று கேட்டார்.

"வலிக்குதான்னு பாக்க வர்றாங்கப்பா. உங்க கையில ஒரு பொத்தான் குடுத்தாங்கல்ல?"

"சுச்சா? இருக்கு இருக்கு."

"வலிச்சா அமுக்குங்க. நீங்க மட்டும்தான் அமுக்கணும், அம்மா அமுக்கக் கூடாது. எவ்வளவு வலிக்குது இப்ப?"

"பரவாயில்லம்மா."

மறுநாள் செவ்வாய்க்கிழமை யாழினியைப் பேசவைத்தேன். அவளுடைய தமிழ் இப்போது ஐரிஷ் காற்றில் காய்ந்த தமிழ். தாத்தாவைப் பார்த்ததும் "தாத்தா, நீங்க உடைஞ்சிட்டீங்களா?" என்று கேட்டாள். அப்பா சிரித்தார். சிரித்த வேகத்தில் முகம் சுருங்கி, பல்லைக் கடித்து, விலாவைப் பிடித்துக்கொண்டார். அம்மா சட்டென்று போனைத் திருப்பி ஜன்னலைக் காட்டினாள். நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

5

புதன்கிழமை காலை டாக்டர் நித்யாவிடமிருந்து செய்தி வந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் நூற்றொன்று. ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றொன்றுக்கு இறங்கி, மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். வலது நுரையீரலின் அடிப்பாகத்தில் காற்றுப் போகும் சத்தமே குறைவு. மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறவர் காலை பதினொன்றுக்கும் சாயங்காலம் ஏழுக்கும் வருகிறார். அப்பா அவருக்கு முன்னால் தொண்டையைக் கனைத்துக் காட்டுகிறாரே தவிர, இருமுவதில்லை. "நாளைக்கும் இப்படியே இருந்தா ஐ.சி.யு.வுக்கு மாத்த வேண்டி வரும். அறுபத்தெட்டு வயசு, பழைய பீடி நெஞ்சு. எனக்கு பயமா இருக்கு சிஸ்டர்" என்று எழுதியிருந்தார்.

கூடவே பம்ப்பின் பதிவை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். "இதைப் பாருங்க, எனக்குப் புரியல. உங்கப்பாவுக்கு மணி பாத்து வலிக்குது."

பார்த்தேன். முதல் நாள் மத்தியானம் நியாயமாக, இஷ்டம்போல் அமுக்கியிருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கதையே மாறிவிட்டது. ஆறிலிருந்து பத்து வரை ஒன்றுமில்லை. பத்திலிருந்து இரண்டு வரை மூன்று தடவை. இரண்டிலிருந்து ஆறு வரை ஒன்றுமில்லை. காலை ஆறிலிருந்து பத்து வரை நாலு தடவை. பத்துக்கு மேல் மறுபடி ஒன்றுமில்லை. நறுக்கென்று நாலு மணி நேரக் கட்டங்கள். இருமச் சொல்லி ஆள் வரும் பதினொரு மணியும் ஏழு மணியும் அமுக்காத கட்டத்திலேயே விழுந்தன.

எத்தனையோ பேருடைய பதிவுகளைப் படித்திருக்கிறேன். கக்கூஸ் போகும்போது ஏறும், தூங்கும்போது இறங்கும், டாக்டர் வரும்போது வீம்புக்கு நிற்கும். கட்டம் கட்டி வலித்த மனிதரை நான் பார்த்ததில்லை. மெஷின் கோளாறா? பொத்தானின் வயர் விட்டுவிட்டுத் தொடுகிறதா? டாக்டர் பம்ப்பையே மாற்றிப் பார்த்துவிட்டாராம். டியூட்டியில் இருந்தபடியே அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பயம் ஒரு பக்கம். இதில் ஏதோ இருக்கிறது, கண்ணுக்கு முன்னால் இருந்தும் எனக்குத் தெரியவில்லை என்ற குறுகுறுப்பு இன்னொரு பக்கம். அந்த நேரத்தில் குறுகுறுப்பு வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

6

என் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு மணி. தஞ்சாவூரில் அப்போது சாயங்காலம் ஆறரை. டாக்டர் நித்யா அறையில் இருந்தார், அம்மா போனைப் பிடித்திருந்தாள். இரண்டு கட்டில் போட்ட அறை. கதவோரம், ஆக்சிஜன் குழாய் வரும் சுவரை ஒட்டி அப்பா. அந்தப் பக்கம் ஜன்னலோரம் ஜமால் பாய், முத்துப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சிறுநீரகத்தில் கல்லுக்காக இடுப்பைக் கிழித்திருந்தது. அவர் கையிலும் அதே போல ஒரு பொத்தான்.

அப்பா நெற்றியெல்லாம் வியர்த்துக் கிடந்தார். நாய் இளைப்பதுபோல் சின்னச் சின்ன மூச்சு.

"அப்பா, இப்ப அமுக்குங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு தலகாணிய வயித்தோட அணைச்சுகிட்டு இருமணும்."

"பெறவு இருமுறேம்மா."

"பெறவு இல்ல, இப்ப. அமுக்குங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"இப்ப அமுக்கக் கூடாதுடி. இப்ப பாயோட மொற."

டாக்டர் நித்யா "முறையா? என்ன முறை?" என்றார். அவர் சென்னையில் லாரியில் வரும் தண்ணீரைத்தான் பார்த்தவர், பாவம். எனக்கோ அந்த நாலு மணி நேரக் கட்டங்கள் அப்படியே எங்கள் ஊர் வாய்க்காலில் போய்ப் பொருந்தின. தண்ணீர் குறைந்தால் ஊர் கூடி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை இன்னார் மடை என்று வைப்பார்களே, அதேதான். இதைக் காலையிலேயே கண்டுபிடித்திருக்க வேண்டியவள் நான்.

"பத்து மணிக்குத்தான் நம்ம மொற" என்று அம்மா தொடர்ந்தாள். "மணி நாந்தான் பாத்துக்கறேன். ஒரு தடவகூட தப்புனதில்ல."

"யாரும்மா முறை வச்சது?"

"ஒங்கப்பாவும் பாயும் பேசி வச்சிகிட்டாங்க."

ஜன்னலோரத்திலிருந்து பாய் குரல் கொடுத்தார். "வணக்கம்மா. அண்ணன் சொன்னாரு, எனக்கும் நாயமாத்தான் பட்டுச்சு. சவுதியில, தம்மாம்ல பதினாறு பேருக்கு ஒரு பாத்ரூமு. மொற போட்டுத்தான் பதிமூணு வருஷம் ஓட்டுனேன்."

டாக்டர் விறுவிறுவென்று பாயின் பம்ப்பில் பதிவைத் தட்டிப் பார்த்தார். அப்பாவுடைய வெறும் கட்டங்களிலெல்லாம் பாய் அமுக்கியிருந்தார். அப்பா அமுக்கிய கட்டங்களில் பாய் தொடவே இல்லை. இரண்டு நாளும் ஒரு இடத்தில்கூட ஒன்றோடொன்று இடிக்கவில்லை. டாக்டர் அப்படியே அப்பாவின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினோம். முதல் நாள் சாயங்காலம் அப்பா பொத்தானை அமுக்கியிருக்கிறார். அந்த நொடியில் பாயின் பம்ப் கத்த ஆரம்பித்து நின்றுவிட்டது. பாய் வலியில் முனகினார். சிஸ்டர் வந்து ஏதோ சரிசெய்துவிட்டுப் போனார். பாயின் முழங்கைக்குக் கீழே குழாய் மடங்கியிருந்ததால் வந்த சத்தம் அது, வேறொன்றுமில்லை. அப்பா அதை வேறு மாதிரி படித்துக்கொண்டார்.

"நான் அமுக்குனேன், அவருக்கு நின்னு போச்சு. என் கண்ணால பாத்தேன்."

"ரெண்டும் தனித்தனி மெஷின்ங்கய்யா" என்றார் டாக்டர்.

"காத்து ரெண்டு பேருக்கும் ஒரே பைப்புலதானேம்மா வருது, செவுத்துலேர்ந்து? அந்த மருந்த பீரோவுல பூட்டி வச்சு, ரெண்டு சிஸ்டரு கையெழுத்துப் போட்டுத்தான் எடுக்கறாங்க. அவ்வளவு தட்டுப்பாடு உள்ள சாமானு. முதல்ல என் கட்டிலு, கடைசியா பாயி கட்டிலு."

"அப்பா, அவங்க சொல்றத நம்புங்க" என்றேன் நான்.

"நம்பாம என்ன. தண்ணி வந்துரும்னு வாய்க்கா கரையில நின்னு எத்தன ஆபீசருங்க சொல்லியிருக்காங்க, எல்லாத்தயும் நம்பத்தான் செஞ்சோம்."

இதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஒவ்வொரு நாலு வார்த்தைக்கும் நிறுத்தினார். நான் பேசவேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

"எம் பொழப்பு பூரா கடமடையில கெடந்தேன் மலரு. ஆயுசுல மொத தடவ என்னய தலமடையில படுக்கப் போட்டிருக்காங்க. தலமடைக்காரன் தெறந்து விட்டுட்டு குப்புறப் படுத்துத் தூங்குனா கீழ உள்ளவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியும். அத நான் பாயிக்குப் பண்ணவா?"

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. இந்த மனிதர் வியர்த்து, மூச்சுத் திணறி, ஐ.சி.யு. வாசல் வரை வந்துவிட்டார். இல்லாத ஒரு வாய்க்காலுக்காக. அதற்கு மேல், அவர் சொன்னதில் தப்பு என்று ஒரு வார்த்தை என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை.

7

வாயால் சொல்லி இவரிடம் ஆகாது என்று டாக்டருக்குப் புரிந்துவிட்டது. இரண்டு சிஸ்டர்களைச் சாவியோடு கூப்பிட்டு, இரண்டு பம்ப்பின் மூடியையும் திறந்தார். இரண்டிலும் தனித்தனிச் சிரிஞ்ச். ஒன்றில் கோவிந்தசாமி என்று அப்பா பெயர், மற்றதில் ஜமால் முகமது. இரண்டு சிரிஞ்சிலும் மருந்து நிற்கிற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். அம்மா என்னையும், அதாவது போனையும், சிரிஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இப்ப அமுக்குங்கய்யா."

அப்பா பாயைப் பார்த்தார்.

"அமுக்குங்கண்ணே, எம் மொறையில நான் தர்றேன்" என்றார் பாய்.

அமுக்கினார். பம்ப் முனகியது. அப்பாவின் சிரிஞ்சில் மருந்து கோட்டைவிட்டு ஒரு நூல் இறங்கியது. டாக்டர் பாயின் பம்ப்பை அப்பாவின் முகத்துக்கு நேரே நகர்த்திவைத்தார். அப்பா அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மதகில் அளவுக்கல்லைப் பார்க்கும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"அவருது எறங்கல" என்றார் கடைசியில்.

"எறங்காதுங்கய்யா. உங்களுது உங்களுக்கு, அவருது அவருக்கு."

"போரு போட்ட மாதிரியா? அவரவருக்குத் தனித்தனி?"

"ஆமாப்பா, தனி போரு" என்று நான் கத்தினேன். எங்கள் சாப்பாட்டு அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாய்தான் முதலில் சிரித்தார். "யா அல்லா! ரெண்டு நாளா நீங்க எனக்காக பட்டினி, நான் உங்களுக்காக பட்டினி. சோறு ரெண்டு பேருக்கும் தனித்தனியா மூடி வச்சிருக்கு."

"சிரிப்பு காட்டாதீங்க பாய், தையலு இழுக்குது" என்றார் அப்பா. ஆனால் அவரும் சிரித்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அடுத்த ஒரு மணி நேரப் பதிவை டாக்டர் எனக்கு அனுப்பினார். பம்ப் கொடுத்தது ஆறு தடவை, அதற்கு மேல் அதுவே தராது. அப்பா அமுக்கியிருந்தது பதினாலு தடவை. வார்டில் ஒரு நோயாளிக்கு அந்த எண் வந்தால் நான் ஓட்டமாக ஓடுவேன். இரண்டு நாளாக அந்த வலியோடுதான் அவர் எனக்குப் பரவாயில்லை சொல்லிக்கொண்டிருந்தார். மருந்து ட்ராலியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலேயே நின்று அழுதேன். மேரி வந்து ட்ராலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. ஆக்சிஜன் தொண்ணூற்றைந்து. ஐ.சி.யு. பேச்சை டாக்டர் எடுக்கவில்லை. மயக்க மருந்து டாக்டர்களின் கூட்டத்தில் இதைச் சொல்லப்போவதாகவும், இனிமேல் பொத்தானைக் கையில் கொடுக்கும்போதே பம்ப்பைத் திறந்து சிரிஞ்சைக் காட்டிவிடப்போவதாகவும் சொன்னார். நான் அப்பாவிடம் பேசினேன். வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று அவரே சொன்னார். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் சில விஷயங்கள் அவருக்குச் சுலபம் போலும்.

"நேத்து ஒரு மணி நேரத்துல பதினாலு தடவை அமுக்கியிருக்கீங்கப்பா."

"அதயும் எழுதி வச்சிருக்கா அந்த மெஷினு?"

"அவ்வளவு வலியா இருந்துச்சா?"

கட்டில் கிரீச்சிட்டது, திரும்பிப் படுக்கிறார்போல.

"உசுரு போற மாதிரிதாம்மா இருந்துச்சு."

"நான் தினம் கேட்டேனேப்பா. முறை இருக்கட்டும், வலிக்குதுன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா? நீ அவ்வளவு தூரத்துல உக்காந்துகிட்டு என்ன பண்ணுவ? அழுவ. அந்தக் குளுருல யாரு வந்து ஒன்னய தேத்துவா?"

பதினான்கு வருடப் படிப்பும் வேலையும், ஆயிரம் நோயாளிகளும், ஒன்றும் உதவிக்கு வரவில்லை. மூக்கை உறிஞ்சியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அழாத. இரு, இரு. அந்தத் தலகாணிய எடு" என்று அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. ஏதோ உரசும் சத்தம். போனை வாயருகே கொண்டுவந்துவிட்டார்போல, மூச்சு என் காதிலேயே விழுந்தது. ஆழமாக ஒரு முறை இழுத்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து, கனமாக, சளியோடு, மூன்று தடவை இருமினார்.

"கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சுப்பா."